குடிவெறி வினைக்கு விலக்காகுமோ?

திருச்சிற்றம்பலம்

சைவ நன்மக்கள் குழுமிய ஓரவையில் அண்மையில் நிகழ்ந்த உரையாடலொன்று இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. சட்ட நூலினும் சித்தாந்த நூலினும் ஒருங்கே பயின்ற அன்பரொருவர், கள்ளுண்டு மயங்கினான் ஒருவன் அம்மயக்கத்திற் செய்த கொலை முதலியவற்றிற்கு அவனைக் குற்றவாளியாக்குதல் நீதியன்றென்றும், நம் சித்தாந்தமும் அதற்கே சான்று பகருமென்றும் கூறினர். கேட்டோருட் பலர் மறுக்கும் வகை தோன்றாராயும் உடன்பட மனமில்லாராயும் வாளாவிருந்தனர். அவ்வன்பருடைய கல்வியையும் ஒழுக்கத்தையும் யாம் நன்கு மதிக்கின்றேம். அவர் ஒருநாளும் மதுவைத் தீண்டியறியார். ஆயினும், அவர் கூற்றுச் சித்தாந்தத்தின் பெயரால் வெளிப்பட்டமையின் அதனை ஆராயாது விடுதல் தகாது. சட்டத்தில் ஒரு பிழை நேரின் அதனைத் திருத்தச் சட்டசபை உண்டு; சமயத்தின்மேல் ஒரு பிழைக்கொள்கை ஏற்றப்படின் அதனை நீக்குதற்கு அச்சமயத்தைக் கற்றோர் நாவேயன்றிப் பிறிதில்லை.

அவ்வன்பர் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் அவை நான்காக அடங்கும். முதலாவது: குற்றமும் குணமும் கருத்தைப் பற்றியனவேயன்றிச் செயலைப் பற்றியனவல்ல, சாக்கிய நாயனார் எறிந்தது கல்லாயினும் அவர் கருத்து அன்பாதலின் அது பூவாகக் கொள்ளப்பட்டது, அங்ஙனமே கருத்தின்றிச் செய்த கொலையும் கொலையாகாது என்பது. இரண்டாவது: ஆன்மா தானே அறியும் ஆற்றலுடையதன்று, கரணங்களின் துணையால் அறிவது, மதுவாற் கரணங்கள் மடங்கிய பொழுது அது கேவலத்திற் கிடந்த ஆன்மாவை ஒக்கும், கேவலத்தில் வினையீட்டம் இல்லையன்றோ என்பது. மூன்றாவது: இறந்தவன் தன் பிராரத்தத்தாலே இறந்தான், குடித்தவன் அதற்கு வாயிலாயினன், அவ்வளவே என்பது. நான்காவது: நாகரிகம் மிக்க கானடா முதலிய நாடுகளின் தலைமை நீதிமன்றங்களும் இக்கொள்கையை ஏற்றுக்கொண்டன என்பது. இவற்றை முறையே ஆராய்வாம்.

அதற்குமுன் நம் நாட்டுச் சட்டம் யாது கூறுகின்றதென்பதை அறிதல் வேண்டும். 1860-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 1862-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 85, 86 ஆகிய இரு பிரிவுகள் குடிவெறியைப் பற்றியன. அச்சட்டத்திற்கு மாற்றாக 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பாரதிய நியாய சன்ஹிதா, 2024-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கி நடைபெறுகின்றது. அதன்கண் அப்பிரிவுகள் 23, 24 என்னும் எண்பெற்று, பொருள் மாறுபாடின்றி நிற்கின்றன. அவற்றுள் முதலாவதன் கருத்து வருமாறு: தன் செயலின் இயல்பையாதல், அது தவறு அல்லது சட்டத்திற்கு மாறு என்பதையாதல் அறியமாட்டாத அளவு வெறியுற்றவன் செய்த செயல் குற்றமாகாது, ஆனால் அவ்வெறிப்பொருள் அவன் அறியாமலேனும் அவன் விருப்பத்திற்கு மாறாகவேனும் அவனுக்கு ஊட்டப்பட்டிருத்தல் வேண்டும். இரண்டாவதன் கருத்து: குறித்ததோர் அறிவோடேனும் கருத்தோடேனும் செய்தாலன்றிக் குற்றமாகாத செயலை, தானே விரும்பிக் குடித்தவன் செய்வானாயின், குடியாதிருந்தால் அவனுக்கு எவ்வறிவு இருந்திருக்குமோ அவ்வறிவு உடையவனாகவே வைத்து அவன் விசாரிக்கப்படுவான்.

இவ்விரண்டாம் பிரிவில் நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. குற்றத்தைக் கூறுமிடத்து அறிவு, கருத்து என இரண்டையும் ஓதிய சட்டம், குடித்தவன்மேல் ஏற்றிக் கூறுமிடத்து அறிவை மாத்திரம் ஓதிக் கருத்தை ஓதாது விடுத்தது. இவ்விடுபாடு யாது குறித்தது என்பதை நம் உச்ச நீதிமன்றம் 1956-ஆம் ஆண்டில் பசுதேவ் வழக்கு என வழங்கும் வழக்கில் விளக்கியது. அவ்வழக்கின் செய்தி இக்கட்டுரை முழுவதற்கும் வேண்டப்படுவதாகலின் அதனைச் சிறிது விரித்துரைப்பாம்.

அக்காலத்தில் பெப்சு எனச் சுருக்கிக் கூறப்பட்ட பட்டியாலா கிழக்குப் பஞ்சாப் இராச்சிய ஒன்றியத்தில், 1954-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு திருமணம். படையிற் சமேதாராயிருந்து ஓய்வுபெற்ற ஒருவனும், அவனூர்ச் சிறுவனொருவனும் பிறரும் அத்திருமணத்திற்கு அயலூர் சென்றிருந்தனர். சிறுவனுக்கு வயது 15 அல்லது 16. மணமகள் வீட்டில் நண்பகல் உணவுக்கு எல்லாரும் அமர்கின்ற வேளை. சமேதார் குடித்திருந்தான். தனக்கு வாய்ப்பான இடம் வேண்டி, அச்சிறுவனைச் சற்று விலகியிருக்கச் சொன்னான். சிறுவன் விலகவில்லை. உடனே அவன் கைத்துப்பாக்கியை எடுத்துச் சிறுவன் வயிற்றிற் சுட்டான். அப்புண்ணாற் சிறுவன் மாண்டான். சுட்டவன் ஓட முயன்று சிறிது தொலைவிற் பிடிபட்டான். பிடிபட்டதும் தான் செய்தது இன்னதென உணர்ந்து, நின்றாரிடம் மன்னிப்பு வேண்டினான். நடை தள்ளாடினும், வாய் குழறினும், தானாக நடந்து வந்தான், இடம் தேர்ந்தான், ஓடினான் என்பனவெல்லாம் சான்றாகவே, கொலைக் கருத்து அவன்பால் இல்லையெனக் கூறுதற்கில்லை என்று நீதிமன்றம் துணிந்தது. கீழ்மன்றங்கள் விதித்த ஆயுள் தண்டனை நிலைபெற்றது.

அத்தீர்ப்பில் வகுக்கப்பெற்ற விதி இது: அறிவைப் பொறுத்தமட்டில் குடித்தவனைக் குடியாதவனாகவே கொள்ளல் வேண்டும், கருத்தைப் பொறுத்தமட்டில் நிகழ்ந்த சூழ்நிலைகளையும் வெறியின் அளவையும் நோக்கித் துணிதல் வேண்டும், மனம் முற்றும் மறைந்த அளவு வெறி ஏறிற்றாயின் கருத்தேற்றுதல் அரிது, அவ்வளவு ஏறாதாயின், எவனும் தன் செயலின் இயல்பான விளைவைக் கருதியே செய்தான் என்னும் பொதுநெறி அவனுக்கும் பொருந்தும் என்பது. ஆகவே, விரும்பிக் குடித்தவன் குற்றமற்றவன் என்று நம் சட்டம் யாண்டும் கூறிற்றில்லை. அது கருத்தின் குறைவுபற்றிச் சிற்சில இடங்களிற் கொலைக்குற்றத்தைக் கொலையாகாத மரணக்குற்றமாகத் தாழ்த்தும், அவ்வளவே. அன்பர் இத்தாழ்வையே விடுதலையாக விரிக்க விரும்புகின்றார். அதற்குச் சித்தாந்தத்தைத் துணைக்கழைத்ததே எம் வருத்தத்திற்கு ஏது.

இனி முதற்கோளை எடுத்துக்கொள்வாம். சாக்கிய நாயனார் எறிந்த கல் பூவாயிற்றென்பது உண்மை. ஆயின் அக்கல் எறிந்த கருத்து எப்பொழுது, எந்நிலையில் உண்டாயிற்று? புத்த வேடத்தோடிருந்த அப்பெரியார் மெய்ப்பொருள் இதுவெனத் தெளிந்து, அத்தெளிவிலே நின்று, சிவலிங்கத்தைக் கல்லெறிந்தே வழிபடுவதாக நியதி கொண்டனர். பின்னர் நாடோறும் தவறாது அதனைச் செய்தனர். ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்ததும் உணவை விட்டெழுந்து ஓடினர். தெளிந்த பொழுது கொண்ட கருத்தே பின்வந்த செயல்களையெல்லாம் தன்வயமாக்கிற்று. இந்த நியாயத்தைக் குடியனுக்குப் பொருத்திப் பார்ப்போமாக. அவனும் தெளிவோடிருந்தபொழுதே குடிக்கத் துணிந்தான்; குடித்தால் தன் கை தன்வயமிராது என்பதை முன்னரே அறிவான்; பன்முறை கண்டும் இருப்பான். அத்துணிவே பின்வந்த செயல்களைத் தன்வயமாக்கும். எனவே, நாயனாரை எடுத்துக்காட்டியதனால் அன்பர் தம் கோளை நிறுவினாரல்லர்; எம் கோளையே நிறுவினாராயினர்.

அன்றியும், கருத்தின்றிச் செய்தது பயன்தாராது என்பது நம் நூல்களுக்கு உடன்பாடன்று. சிவபுண்ணியத்தைப் புத்திபூர்வம் என்றும் அபுத்திபூர்வம் என்றும் இருவகைப்படுத்தி, அறியாது செய்த சிவபுண்ணியத்திற்கும் பயனுண்டெனச் சித்தாந்திகள் கொள்வர். திருமறைக்காட்டில் நெய்யுண்ண வந்த எலி, மூக்குச் சுடத் திரியைத் தூண்டிற்று. விளக்கைத் தூண்டவேண்டும் என்று அது கருதியதன்று. எனினும் அப்பயனால் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பதை அறியாத சைவர் இலர். அறியாது செய்த நன்மைக்கு அரசு பயனாமாயின், அறியாது செய்த தீமைக்கு யாதும் பயனில்லை என்பது எந்த நியாயம்? நன்மை வருங்கால் அறியாமையையும் கணக்கில் வைத்துக்கொள்வேம், தீமை வருங்கால் அறியாமையைக் காட்டித் தப்பிக்கொள்வேம் என்பார், ஒரே தராசின் இரு தட்டுகளுக்கு இருவேறு படிக்கற்களை வைப்பாரை ஒப்பர். அறிந்து செய்ததற்குப் பயன் மிகுதியும், அறியாது செய்ததற்குப் பயன் குறைவும் உண்டென்க. அதனை யாமும் உடன்படுகின்றேம். குறைவு என்பது இன்மையாகாது.

இனி இரண்டாங்கோள். இதுவே அவர் கோள்களுள் நுட்பமானது. ஆதலின் இதனை நின்று ஆராய்தல் வேண்டும். ஆன்மா அறிவிக்க அறிவதென்பதும், மாயையின் காரியமாகிய உடல் கருவிகளின்றி அதற்கு விளக்கமில்லையென்பதும் சித்தாந்தத்தின் உயிர்நிலையான துணிபுகள். கேவலத்தில் ஆன்மா ஆணவ இருளில் முற்றும் மூழ்கி, இச்சை அறிவு செயல்கள் விளங்காது கிடக்கும் என்பதும் உண்மையே. ஆயின் கேவலத்தோடு குடிவெறியை ஒப்பிட்டதிலேதான் வழு நேர்ந்தது. ஆணவம் அநாதி, குடி ஆதியுடையது. செம்பிற் களிம்புபோல ஆன்மாவோடு உடன்கிடந்த மறைப்பை ஆன்மா தேடிக்கொண்டதில்லை. ஆகவே அம்மறைப்புக்கு அதனைப் பொறுப்பாக்குவாரும் இல்லை. கள்ளோ, ஒருவன் தன் காலால் நடந்து, தன் கையாற் காசு கொடுத்து, தன் வாயால் விழுங்கியது. ஒன்று வந்தேறாத இயற்கை மறைப்பு. மற்றொன்று தானே வரவழைத்த செயற்கை மறைப்பு. மறைத்தலாகிய பொதுத்தன்மை ஒன்றுபற்றி இரண்டையும் ஒன்றென்றல், இருள்பற்றி அமாவாசை இரவையும் கதவடைத்த அறையையும் ஒன்றென்றலோடு ஒக்கும். இரவை வருவித்தவன் அறையிலிருப்பவன் அல்லன்; கதவை அடைத்தவன் அவனே.

இன்னும் ஒன்று. விடியுமளவும் இருளில் வழிகாட்டும் விளக்கைப் போல, அருள் விளங்குமளவும் ஆன்மாவுக்குச் சிறிதறிவைத் தரும் பொருட்டு இறைவன் தநு கரண புவன போகங்களைக் கூட்டினன் என்பது நம் ஆசிரியர் பயில வழங்கும் உவமை. அவ்விளக்கைப் பேணுதல் ஆன்மாவின் கடன். கள்ளுண்பவன் செய்வது யாது? இறைவன் ஏற்றித் தந்த விளக்கைத் தானே ஊதி அவிக்கின்றான். அவித்தபின் இருளிற் பிறர்மேல் மோதி வீழ்த்திவிட்டு, 'இருளாயிருந்தது, யான் என் செய்வேன்' என்கின்றான். விளக்கை அவித்ததே முதற்குற்றம். மோதியது அதன் விளைவு. முதற்குற்றத்தையே விளைவுக்கு விலக்காகக் காட்டுதல் யாண்டும் காணப்படாத வழக்கு. கள்ளுண்ணாமையைத் திருவள்ளுவர் தனியோர் அதிகாரமாகவும், திருமூலர் முதல் தந்திரத்தில் தனியொரு பகுதியாகவும் வைத்தோதியது இதுபற்றியே என்க.

மயக்கத்தில் 'யான்' என்னும் முனைப்பு அற்றுப்போதலின் குடித்தவன் செயல் அவன் செயலன்று என்றும் அன்பர் ஓரிடத்துக் கூறினர். இஃது எல்லாவற்றினும் இரங்கத்தக்கது. ஞானநிட்டை கைவந்தாரைப் பாலரோடும் பித்தரோடும் ஒப்பிட்டு நூல்கள் கூறுவது, அவர்பால் 'யான் எனது' என்பன அற்றமை நோக்கி. குடியன்பால் அவை அற்றனவா? மேலே கூறிய வழக்கையே மீண்டும் நினைமின்கள். பந்தியில் அமர்ந்த ஒரு சிறுவன், விலகு என்றபொழுது விலகவில்லை. அதற்காக உயிர் பறிக்கப்பட்டது. 'யான் சொல்ல ஒருவன் கேளாதிருப்பதா' என்னும் செருக்கன்றி அத்துப்பாக்கியை எடுப்பித்தது வேறென்னை? மது ஆணவத்தை அடக்கவில்லை; ஆணவத்தை அடக்கிவைத்த நாணத்தையும் அச்சத்தையும் அன்பையுமே அது கரைத்தது. கட்டு அவிழ்ந்த நாய் கடித்ததென்றால் கட்டை அவிழ்த்தவன் யார் என்று கேட்போமேயன்றி, கட்டு இல்லாமையே கடித்தது என்று கூறமாட்டேம்.

அவன் பிடிபட்டபொழுது மன்னிப்பு வேண்டினான் என்பதையும் மறத்தலாகாது. வேறொருவன் செய்ததற்கு எவனும் மன்னிப்பு வேண்டான். வெறியின் நடுவிலும் அவனுயிர், 'இது என் செயல்' என்று தானே ஒப்பிற்று. அவன் தானே ஒப்பியதை அவனுக்காக வழக்காட வந்தோர் மறுப்பது வியப்பன்றோ!

மூன்றாங்கோள் பிராரத்தம் பற்றியது. இக்கோளை ஒப்பின் குடியன் மாத்திரமன்று, கள்வனும், நஞ்சிட்டவனும், விலைக்குக் கொலை செய்தவனும் ஒருங்கே விடுதலை பெறுவர். உலகில் எந்தக் குற்றமும் எஞ்சாது. ஒருவன் நுகரும் இன்ப துன்பங்கள் அவன் முன்செய்த வினைப்பயனே என்றும், அத்துன்பத்தை இழைத்தவனுக்கு அவ்விழைத்தலே புதுவினையாகிய ஆகாமியமாம் என்றும் சித்தாந்தம் இரண்டையும் ஒருங்கே கூறுகின்றது. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் கூறுதல், ஆவணத்தின் வரவுப் பக்கத்தைக் காட்டிச் செலவுப் பக்கத்தை மறைத்தல் போலும். மேலும், வினை சடமாதலின் தானே சென்று பற்றமாட்டாது. அதனைக் கூட்டுவிப்போன் இறைவன். இன்னாருடைய வினையை இன்னவாறு ஊட்டுக என்று இறைவன் குடியனுக்கு ஓலை எழுதிவிடவில்லை.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் மைந்தன் தேரூர்ந்த வரலாற்றை இங்கு நினைத்தல் தகும். அம்மைந்தன் குடித்தவனல்லன், அறிந்து செய்தவனுமல்லன், கன்று தானே துள்ளிவந்து தேர்க்காலில் அகப்பட்டது. அமைச்சர் அறநூலிற் கழுவாய் உண்டென்றனர். ஆயினும் அரசன், ஆராய்ச்சி மணியை அசைத்த தாய்ப்பசுவின் துயரத்தை அக்கழுவாய் நீக்குமோ என்றே நோக்கினன். இதனைக் காட்டி, அறியாது செய்தாரையெல்லாம் தேர்க்காலில் இடுக என்று யாம் கூறவில்லை. மாண்ட கன்றையும் மைந்தனையும் அமைச்சனையும் எழுப்பித்தருதற்கு அன்று இறைவன் வீதியில் வந்தருளினன். நம் நீதிமன்றங்களுக்கு எழுப்பும் ஆற்றல் இல்லை. யாம் இதனாற் கொள்ளும் கருத்து வேறு. செய்தவனுடைய நெஞ்சை மாத்திரம் ஆராயும் நீதி அரைநீதி. மணியை அசைத்தவள் யார் என்று வாயிலிற் சென்று பார்ப்பதே முழுநீதி. அன்பருடைய சொற்பொழிவு முழுவதிலும் குடித்தவனுடைய கரணங்கள் பேசப்பட்டன. இறந்தவனுடைய தாய் ஓரிடத்தும் பேசப்படவில்லை.

இனி நான்காங்கோளாகிய பிறநாட்டு வழக்கு. இங்கிலாந்தில் 1920-ஆம் ஆண்டில் பியர்டு வழக்கில் பர்க்கன்ஹெட் பிரபு, குடியினால் உணர்ச்சி எளிதிற் கிளர்ந்தெழுந்தது என்பது விலக்காகாதென விளக்கினர். 1961-ஆம் ஆண்டில் வட அயர்லாந்து வழக்கொன்றில் டென்னிங் பிரபு, கொல்லத் துணிந்து பின் அதற்கு நெஞ்சுரம் பெறுதற்பொருட்டுக் குடித்தவன் அக்குடியைக் காட்டித் தப்பமுடியாதென்றனர். 1976-ஆம் ஆண்டில் மஜெவ்ஸ்கி வழக்கில் பிரபுக்கள் சபை, அடித்தல் முதலிய குற்றங்களுக்குத் தானே தேடிக்கொண்ட வெறி விலக்கன்று என உறுதிசெய்தது. இவற்றுக்கெல்லாம் நெடுநாள் முன்னரே, யவன தேசத்து மித்திலீனி நகரத்துப் பித்தாக்கசு என்னும் அறிஞன், குடித்துக் குற்றஞ் செய்தவனுக்கு மிகுந்த தண்டம் விதித்தான் என்பதை அரிஸ்டாட்டில் தம் நூலில் எடுத்துரைத்தனர்.

கானடாவைப் பற்றி அன்பர் கூறியது பாதி உண்மை. பாதி உண்மை முழுப்பொய்யினும் தீமை பயப்பது. 1994-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைமை நீதிமன்றம், தன் உடலே தன்வயமின்றி இயங்கும் அளவு கடுவெறி ஏறியவன் அதனை விலக்காகக் காட்டலாமென்று கூறியது மெய். எளிய குடிவெறிக்கு அவ்விலக்கு அன்றும் இல்லை. அடுத்த 1995-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் வன்முறைக் குற்றங்களில் அவ்விலக்கை அடைத்துச் சட்டம் இயற்றியது. 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. சூன் மாதத்திலேயே பாராளுமன்றம் அதனை வேறு வகையில் திருத்தி இயற்றியது. அத்திருத்தத்தின் சாரம் யாது? அறிவுடையான் ஒருவன் மேற்கொள்ளும் எச்சரிக்கையை மேற்கொள்ளாது, வரக்கூடிய தீங்கை நோக்காது, மிகுதியாக வெறிப்பொருளை உண்டவன், அவ்வெறியிற் செய்த வன்செயலுக்கும் பொறுப்பாவான் என்பது. அஃதாவது, குற்றத்தின் வேரைக் கத்தி பிடித்த கையிலே தேடாது கிண்ணம் பிடித்த கையிலே தேடுக என்பதாம். விளக்கை அவித்ததே முதற்குற்றம் என்று யாம் மேலே சித்தாந்த முறைபற்றிக் கூறியதும் இதுவேயன்றோ? அன்பர் துணையாக அழைத்த நாடும் இறுதியில் எம்பக்கமே வந்து நின்றது.

இங்ஙனம் மறுத்தமையால், யாம் இரக்கமற்றேம் என்று எவரும் கொள்ளற்க. யாம் உடன்படுவனவும் சில உள. அறியாது ஊட்டப்பட்டவனையும் வலிந்து ஊட்டப்பட்டவனையும் சட்டம் விலக்கியது முற்றும் பொருந்தும். குடித்தற்கண் அவனுக்கு இச்சை இன்மையின் விளைவும் அவனுடையதன்று. அஃது ஊட்டியவனைச் சாரும். நெடுநாட் குடியினால் மூளை கெட்டு உண்மையிலே பித்தனானவனைப் பித்தர்க்குரிய பிரிவின்கீழ் வைத்து நோக்குதலும் தக்கதே. வெறியின் அளவு நோக்கித் தண்டத்தின் அளவை வேறுபடுத்தலையும் யாம் வெறுக்கவில்லை. குடிநோய் பற்றியவனுக்கு மருந்தும் அரவணைப்பும் வேண்டும் என்பதை எவர் மறுப்பர்? ஆயின் நோயாளி என்பதற்காக அவன் கையாற் பட்ட புண் புண்ணல்லாது போகாது.

தண்டம் என்பதனை இரக்கத்திற்கு மறுதலையாகக் கருதுவதும் நம் நூற்றுணிபன்று. இறைவன் செய்யும் தண்டத்தை மறக்கருணை என்றே நம் ஆசிரியர் வழங்குவர். சொற்கேளாத மகனைத் தந்தை கோலால் அடிப்பதும் கயிற்றாற் கட்டுவதும் அன்பேயாமாறு போல, உயிர்களைத் திருத்துதற்பொருட்டு வருந்தச் செய்வதும் அருளே. செய்தவனை நோக்கி, 'நீ செய்தாய்' என்று கூறுதல் அவனை ஓர் உயிராக மதித்தலாம். 'நீ செய்யவில்லை, மது செய்தது' என்று கூறுதல் அவனை ஒரு பானையாக மதித்தலாம். திருந்தும் உரிமை செய்தவனுக்கே உண்டு. பானைக்குத் திருத்தம் இல்லை. அவன் பிறவியிலேயே கழுவாய் தேடிக்கொள்ள வழி செய்வது முதற்சொல். அவ்வழியை அடைப்பது இரண்டாவது சொல். இவற்றுள் எது இரக்கமென்பதை அன்பரே துணிக.

ஈண்டு ஒரு கேள்வி எழும். 'அரசே மதுவை விற்கின்றதே. விற்ற அரசு குடித்தவனைத் தண்டித்தல் முறையோ?' என்பர். கேள்வி நியாயமானது. நம் அரசியலமைப்பின் 47-ஆம் உறுப்பு, மருந்துக்காகவன்றி வெறிப்பொருள்களை உண்பதைத் தடுக்க அரசு முயலவேண்டுமென விதிக்கின்றது. 1937-ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராயிருந்தபொழுது சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கிற்று. அதே நாட்டில் 1983-ஆம் ஆண்டில் அரசின் வாணிகக் கழகம் தோன்றி, 2003-ஆம் ஆண்டு முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகின்றது. செய்தவனுக்கேயன்றிச் செய்வித்தவனுக்கும் உடன்பட்டவனுக்கும் வினையிற் பங்குண்டென்பது நம் அறநூற்கொள்கை. ஆகவே விற்றவர்க்குப் பங்கில்லையென்று யாம் கூறமாட்டேம். அவர் பங்கு அவர்க்குண்டு. அதனை எடுத்துரைக்கச் சைவர் அஞ்சுதலும் கூடாது. ஆயின் பங்காளி ஒருவன் உளன் என்பதனால் முதற்கடனாளியின் கடன் தீர்ந்துவிடாது. வினைக்கடன் பங்கிடுந்தோறும் குறைவதன்று. பங்குற்றோர் ஒவ்வொருவரையும் முழுதும் பற்றுவது.

முடிவாக ஒன்று கூறி அமைவாம். குடிவெறி விலக்காகும் என்னும் கொள்கை நீதிமன்றத்திற் பிறந்ததன்று. அது நம் வீடுகளிற் பிறந்து வளர்ந்து பின் நீதிமன்றத்திற்குச் சென்றது. யாம் நெடுங்காலம் பள்ளியில் தமிழ் கற்பித்தேம். காலையிற் கன்னம் வீங்கி வந்த மாணாக்கரை என்னையென்று வினவியபொழுதெல்லாம், 'அப்பா குடித்திருந்தார் ஐயா. குடிக்காதபோது நல்லவர்' என்றே விடை வரும். அச்சொல்லை அப்பிள்ளைகள் தாமே கண்டுபிடித்தாரல்லர். தாய் சொல்லிக் கொடுத்தாள். தாய்க்கு அவள் மாமியார் சொல்லிக் கொடுத்தாள். ஊர்ப் பெரியோர், 'குடியில் செய்தான், பொறுத்துக்கொள் அம்மா' என்று அதற்கு முத்திரையிட்டனர். ஒருகாலத்து யாமும் அவ்விடையைக் கேட்டுத் தலையசைத்துப் பாடத்திற் புகுந்தேம்; அதனை இன்று நினைக்க நாணுகின்றேம். அந்தப் பிள்ளையின் கன்னத்திற்கும் பந்தியிலே மாண்ட சிறுவனுக்கும் இடையில் உள்ள தொலைவு மிகச் சிறிது. முன்னதற்குப் பொறுத்தவர் பின்னதற்கு அழுவதால் யாது பயன்?

இவ்விலக்குக்குச் சித்தாந்தம் இடந்தரும் என்று ஓரவையில் ஒருமுறை கூறிவிட்டால், அக்கூற்று அவையோடு நில்லாது. அவையினர் வீடுதோறும் செல்லும். அடிபடும் பெண்ணிடத்தே சென்று, சமயமே பொறுக்கச் சொல்கின்றது என்று உரைக்கும். சிவபெருமான் திருப்பெயரால் அத்தகைய சொல் எவர் செவியிலும் விழாதிருத்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். அறிவை அளித்தவன் அவன். அதனைப் பேணாது அவித்தவன் மனிதன். அவித்தபின் நேர்ந்ததற்கும் விடை கூறவேண்டியவன் அம்மனிதனே. இதுவே சித்தாந்தம். எம் கூற்றில் வழுவுளதேல் அவ்வன்பர் இப்பத்திரிகையிலேயே எடுத்துக்காட்டுக. நூன்முறை தழுவிய மறுப்பாயின் மகிழ்ந்து ஏற்பேம்.

திருச்சிற்றம்பலம்